சுவருக்கும் செவி உண்டு

நுழையும்முன்

வாயிலில் கட்டிய மணி, தாழ்ப்பாளின் ஓசை, முற்றத்து நாயின் குரைப்பு, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் ஒலி ஆகியவற்றைக் கொண்டே வீட்டின் நிலையை வீட்டார் அறிந்துவந்தனர். இன்று அப்பணியைத் தீப்பெட்டியளவே உள்ள கம்பியில்லா உணரிகள் ஏற்கத் தொடங்கியுள்ளன. கடைகளிலும் இணையத்திலும் அவை பலவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் எதனை, எதற்காக, எவ்விடத்திற்குத் தேர்வது என்பதை அறிவியல் நோக்கில் விளக்குகிறது இப்பாடம்.

வினாவே முதல்

திறன்மிகு வீடு என்றவுடன் குரலுக்குக் கட்டுப்படும் விளக்குகளும் தாமே விலகும் திரைச்சீலைகளும் பலர் நினைவுக்கு வருகின்றன. விளம்பரங்கள் காட்டுவன இவற்றையே. உண்மையில் அத்தகைய வீட்டில் மூன்று உறுப்புகள் உள்ளன. சூழலில் நிகழும் மாற்றத்தை அறிவது உணரி. அவ்வறிவைப் பெற்று, முன்னரே எழுதப்பட்ட விதிகளின்படி முடிவெடுப்பது கட்டுப்பாட்டு மையம். அம்முடிவை நிறைவேற்றுவது விளக்கு, மின்மோட்டார், ஒலிப்பான் போன்ற செயற்கருவி. முதல் உறுப்பு பிழையான செய்தியைத் தந்தால் ஏனைய இரண்டும் அப்பிழையையே விரைந்து செய்து முடிக்கும். ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் பெரிதும் கருத்தைச் செலுத்த வேண்டியது உணரியின் மீதே ஆகும்.

உணரியைத் தேர்வதற்கு முன் வினாவைத் தேர்தல் வேண்டும். நகரொன்றில் உள்ள இரண்டடுக்குக் காங்கிரீட் வீட்டை எண்ணிக்கொள்ளலாம். தாயும் தந்தையும் பணிக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பகல் முழுவதும் பாட்டி மட்டும் வீட்டில் இருக்கிறார். அவ்வீட்டார் அறிய விரும்புவன சில. கொல்லைக் கதவு பூட்டியுள்ளதா? தொட்டியில் நீர் எவ்வளவு உள்ளது? அடுக்களையில் எரிவாயு கசிகிறதா? பாட்டி காலையில் எழுந்து நடமாடினாரா?

இவை நான்கும் ஒரே வகை வினாக்கள் அல்ல. முதலாவது ஆம், இல்லை என்னும் விடையை வேண்டுவது. இரண்டாவது ஓர் எண்ணை வேண்டுவது. மூன்றாவது நொடிப்பொழுதும் தாமதத்தைப் பொறுக்காதது. நான்காவதோ ஒரு மனிதரின் தனிமையைத் தொடுவது. வினாவின் இயல்பே உணரியின் வகையையும், அது செய்தியனுப்பும் முறையையும், மின்சாரம் பெறும் வழியையும் தீர்மானிக்கிறது. பத்து உணரிகள் அடங்கிய பெட்டியை மொத்தமாக வாங்கிவிட்டுப் பின்னர் அவற்றுக்கு வேலை தேடும் வீடுகளில், பாதி உணரிகள் மேசை இழுப்பறையிலேயே உறங்கிவிடுகின்றன. ஒன்றிரண்டு உணரிகளோடு தொடங்குவதே நன்று.

வினா துல்லியமாக அமைதலும் இன்றியமையாதது. கதவில் பொருத்தும் காந்த உணரி, கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்று மட்டுமே கூறும். பூட்டப்பட்டிருக்கிறது என்று கூறாது. 'கதவு மூடியுள்ளது' எனத் திறன்பேசியில் தெரியும் சொற்களை நம்பி ஒருவர் நிம்மதியாக உறங்கலாம். தாழ்ப்பாள் திறந்தே கிடக்கலாம். பூட்டைப் பற்றி அறிய வேண்டுமாயின், பூட்டின் நாக்கு செல்லும் துளையில் உணரியைப் பொருத்த வேண்டும்.

உணரிகள் எவ்வாறு உணர்கின்றன?

கதவு உணரியின் உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு. சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் அமைந்துள்ளன. கதவில் ஒட்டிய காந்தம் அருகில் வரும்போது அவை இணைகின்றன, விலகும்போது பிரிகின்றன. இந்த நாணல் சாவியை 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் உருவாக்கினார். காந்தத்தை உணர்வதற்கு இதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆதலால், தொடங்குவோர் வாங்கத்தக்க முதல் உணரி இதுவே எனலாம். விலை குறைவு, பிழை அரிது, மின்கலம் நெடுநாள் உழைக்கும்.

நடமாட்டத்தை அறியும் உணரி இதைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. மனித உடல் வெளிவிடும் கதிர்கள் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக உள்ளன. வெப்பநிலை மாறும்போது மின்னூட்டம் கொள்ளும் இரு சிறு படிகத் துண்டுகள் உணரிக்குள் எதிரெதிராக இணைக்கப்பட்டுள்ளன. அறை முழுவதும் ஒருசேர வெப்பமடைந்தால் இரண்டின் விளைவுகளும் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஒருவர் குறுக்கே நடந்தால், அவர் உடலின் வெப்பம் முதலில் ஒரு துண்டின் மீதும் அடுத்து மற்றொன்றின் மீதும் படுகிறது. அவ்வேறுபாடே 'இங்கு ஒருவர் நடமாடுகிறார்' என்னும் செய்தியாகிறது. உணரியின் முகப்பில் காணும் வரிவரியான வெண்ணிற நெகிழி வில்லை, கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெஞ்சு அறிஞர் ஃபிரனெல் வகுத்த வில்லையின் வழிவந்ததாகும்.

இவ்வமைப்பை அறிந்தவருக்கு அதன் குறைகளும் தாமே விளங்கும். நடமாட்ட உணரி மாற்றத்தை மட்டுமே அறிவதால், நாற்காலியில் அசையாமல் அமர்ந்து நூல் படிப்பவர் அதன் கணக்கில் இல்லாதவராகிவிடுவார். சற்று நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே செல்பவரையே அது எளிதில் அறியும். கத்திரி வெயிற்காலத்தில் அறைச்சுவரின் வெப்பநிலை உடலின் மேற்பரப்பு வெப்பநிலையை நெருங்கும்போது அதன் கூர்மை குன்றும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகள் இதனைப் பெரிதாகக் கூறுவதில்லை; தமிழ்நாட்டில் மே மாதத்தில் இக்குறையை நேரிலேயே காணலாம். வெயில் விழும் சாளரம், அடுப்பு, குளிரூட்டி ஆகியவற்றை நோக்கி அதனைப் பொருத்துதல் கூடாது. வில்லையின் மேல் ஊர்ந்து செல்லும் பல்லியும் திருடனாகக் கருதப்படுவது உண்டு. அசையாதிருப்பவரையும் அறிய வேண்டிய இடத்திற்கு ரேடார் அலைகளால் மூச்சின் அசைவையே கண்டறியும் இருப்புணரிகள் உள்ளன. அவற்றுக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டுமாதலால், பெரும்பாலானவை மின்செருகியோடு இணைந்தே இயங்குகின்றன.

தெரிந்து தெளிவோம்

நடமாட்ட உணரியின் அடிப்படைப் பண்பு ஐரோப்பியர் கவனத்தை ஈர்த்ததில் இலங்கைக்குப் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து வண்ணக் கற்களைக் கொண்டுசென்றனர். அவற்றுள் ஒருவகைக் கல், சூடேறியபோது அருகிலிருந்த சாம்பலைத் தன்பால் ஈர்த்தது. ஆகவே, டச்சுக்காரர் அதனைச் 'சாம்பல் இழுப்பான்' என்னும் பொருள்பட அழைத்தனர். அக்கல்லின் இன்றைய பெயராகிய டூர்மலின், 'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. சூட்டால் மின்னூட்டம் பெறும் அப்பண்புக்கு 1824ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 'பைரோஎலக்ட்ரிசிட்டி' என்று பெயரிட்டார். 'பைரோ' என்பது நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகும்.

நாணயத்தளவு மின்சாரம்

கம்பியில்லா உணரி என்னும் பெயர் இருவகைக் கம்பிகளின் இன்மையைக் குறிக்கிறது. செய்தி செல்லும் கம்பியும் இல்லை. மின்சாரம் வரும் கம்பியும் இல்லை. முதற்கம்பிக்கு ஈடாக வானலை உள்ளது. இரண்டாவதற்கு ஈடாக இருப்பது பெரும்பாலும் ஒரு பொத்தான் மின்கலமே. உணரிகளில் மிகுதியாகப் பயன்படும் சிஆர்2032 என்னும் மின்கலம் 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. பெயரில் உள்ள எண்ணே இவ்வளவைக் குறிக்கிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி.

இம்மின்கலம் இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டுமெனில் உணரி எவ்வளவு மின்னோட்டத்தைச் செலவிடலாம்? இரண்டு ஆண்டுகளில் 17,520 மணி நேரம் உள்ளது. 220ஐ 17,520ஆல் வகுத்தால் கிடைப்பது சற்றேறக்குறைய 0.0125 மில்லி ஆம்பியர்; அதாவது, 12.5 மைக்ரோ ஆம்பியர். உணரி தன் வாழ்நாள் முழுவதும் சராசரியாக இவ்வளவிற்குள்ளேயே சிக்கனமாக வாழ வேண்டும். அருகலை என்று தமிழில் வழங்கும் வைஃபை முறையில் செய்தியனுப்பும் சிறு கருவியோ, அனுப்பும் பொழுதில் 100 மில்லி ஆம்பியருக்கும் மேல் செலவிடுகிறது. அவ்வளவு மின்னோட்டத்தைப் பொத்தான் மின்கலம் தொடர்ந்து வழங்காது. வழங்குவதாகவே கொண்டாலும் கணக்குப்படி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இவ்விடர்ப்பாட்டிற்கு அறிவியலார் கண்ட தீர்வு உறக்கம் ஆகும். கதவு உணரி நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கிறது. கதவு அசைந்தவுடன் விழித்து, சில மில்லி நொடிகளில் ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்குகிறது. வைஃபையில் இயங்கும் உணரியும் இவ்வாறு உறங்க இயலும். ஆயினும், ஒவ்வொரு முறையும் விழித்தெழுந்து திசைவியோடு தொடர்பை உறுதிசெய்துகொள்ள அது கூடுதலான நேரத்தையும் மின்சாரத்தையும் செலவிடுகிறது. தொடக்கத்தில் வைஃபை உணரியே எளிதாகத் தோன்றும். தனியாக ஒரு மையம் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள திசைவியே போதும். மின்செருகியின் அருகே வைக்கத்தக்க உணரி ஒன்றிரண்டு போதுமென்றால் அது சரியான தேர்வே. மின்கலத்தில் இயங்கும் உணரிகள் பலவாகப் பெருகும் வீட்டிற்கு அது பொருந்தாது.

பொத்தான் மின்கலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. குழந்தை அதனை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாயில் கடும் புண்ணை அது உண்டாக்கக்கூடும். தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில், மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்ட உணரியையே வாங்குதல் வேண்டும். இச்செய்தி அட்டைப்பெட்டியின் மேல் மிகச் சிறிய எழுத்தில் இருப்பது வருந்தத்தக்கது.

அலையும் சுவரும்

1890களின் நடுவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் ஒரு செயல்விளக்கம் நிகழ்த்தினார். ஓர் அறையில் அவர் எழுப்பிய வானலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, வேறோர் அறையில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. கம்பியின்றிச் சுவர் கடந்து மணியடித்த அச்செயலின் எளிய வடிவமே இன்றைய கதவு உணரி. சுவர்கள் மட்டும் மாறிவிட்டன. உள்ளே இரும்புக் கம்பிகள் பின்னப்பட்ட காங்கிரீட் தளம், எஃகு அலமாரி, நீர் நிறைந்த தொட்டி ஆகியன வானலைக்குப் பெருந்தடைகள் ஆகும்.

வைஃபை, புளூடூத், ஜிக்பீ, திரெட் ஆகிய முறைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயல்படுகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் இவ்வலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர் எனக் கிடைக்கும். டென்மார்க்கில் தோன்றிய இசட்-வேவ் என்னும் முறை, இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிச் செயல்படுகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். நீண்ட அலை தடைகளை எளிதில் சுற்றி வளைந்தும் ஊடுருவியும் செல்லும். ஆதலால், தடித்த சுவர்களுடைய வீட்டிற்கு அது ஏற்றது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவிகளில் இங்கே கவனம் தேவை. அமெரிக்காவிற்கென உருவாக்கிய இசட்-வேவ் உணரி 908 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவது; இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்தத்தக்க 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்குள் அது அடங்காது. இங்கு வாங்கிய மையத்தோடும் அது பேசாது.

ஜிக்பீ முறை சுவர்த்தடையை வேறொரு வழியில் வெல்கிறது. கட்டட வேலையில் செங்கற்களை ஒருவர் மாடிவரை சுமந்து செல்வதில்லை. கீழிருந்து மேல்வரை வரிசையாக நிற்போர், ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி மேலேற்றுவர். அவ்வாறே ஜிக்பீ கருவிகளும் செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று பெற்று மையத்திடம் சேர்க்கின்றன. தேனீக்கள் நெளிந்தாடி ஒன்றுக்கொன்று செய்தி கூறும் நடனத்தை நினைந்தே இம்முறைக்கு அப்பெயர் இடப்பட்டது. இங்குப் புதியோர் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உள்ளது. மின்கலத்தில் இயங்கும் உணரிகள் உறங்குவனவாதலால், பிறர் செய்தியை வாங்கிக் கொடுப்பதில்லை. நேரடி மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ விளக்கு, மின்செருகி போன்றவையே இடையில் நின்று கை மாற்றுகின்றன. மாடியறை உணரியின் செய்தி வந்து சேரவில்லையென்றால், இன்னும் ஐந்து உணரிகளை வாங்குவதால் பயனில்லை. படிக்கட்டின் அருகே ஒரு ஜிக்பீ மின்செருகியைப் பொருத்தினால் போதும். மின்வெட்டின்போது அச்செருகியும் அணைந்து வரிசை அறுபடும். எனவே, மையத்தையும் இடைநிற்கும் செருகியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தல் வேண்டும்.

மொட்டைமாடித் தொட்டி இவ்வகையில் கடினமான தேர்வுக்களம் ஆகும். நீர்மட்டத்தை அறிய மீயொலி உணரி பயன்படுகிறது. அது தொட்டியின் மூடியிலிருந்து ஒலியலையை அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டு மீளும் நேரத்தை அளக்கிறது. நீர்ப்பரப்பு ஒரு மீட்டர் கீழே இருந்தால், ஒலி சென்று திரும்ப ஏறத்தாழ 6 மில்லி நொடிகள் ஆகும். அளவீடு எளிதுதான். அச்செய்தி காங்கிரீட் தளத்தைக் கடந்து கீழ்த்தளத்து மையத்தை அடைவதே அரிது. மேலும், தொட்டிக்குள் எழும் நீராவி உணரியின் முகத்தில் துளிகளாகப் படிந்து பொய்யான அளவைத் தரும். வெயில் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். தொட்டி நிறைந்தவுடன் மோட்டார் நின்றால் போதும் என்பவருக்குக் கம்பியில் இணைந்த பழைய மிதவைச் சாவியே இன்றும் சிறந்தது. கம்பி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கம்பியில்லாக் கருவியைத் தேடி அலைவது வீண்செலவு.

ஒன்றையொன்று அறியாத கருவிகள்

2010களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் உணரி தன் மையத்தோடு மட்டுமே பேசுமாறு அமைத்தது. ஒரு வீட்டில் மூன்று நிறுவனக் கருவிகள் இருந்தால் மூன்று மையங்களும் மூன்று செயலிகளும் தேவைப்பட்டன. இந்நிலையை மாற்ற அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகிய நிறுவனங்களும் ஜிக்பீ கூட்டமைப்பும் 2019ஆம் ஆண்டு இறுதியில் ஒன்றிணைந்தன. அம்முயற்சியின் பயனாக 'மேட்டர்' என்னும் பொதுத்தரம் 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. மேட்டர் என்பது அலையன்று. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. அம்மொழியை வைஃபை வழியாகவும் பேசலாம். மின்கல உணரிகளுக்கென அமைந்த திரெட் வழியாகவும் பேசலாம். பெட்டியின் மேல் மேட்டர் முத்திரை இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. அது திரெட் உணரியாயின், அதனை இல்ல வலையமைப்போடு இணைக்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வாங்கும் முன் இதனைக் கேட்டறிதல் நலம்.

அடுக்களை உணரி

எரிவாயு உணரியை ஏனைய உணரிகளோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. கதவு உணரி தவறினால் சிறு தொல்லை. இது தவறினால் உயிரிழப்பு. 1962ஆம் ஆண்டு ஜப்பானியரான நவோயோஷி தகுச்சி, டின் ஆக்சைடைக் கொண்டு எரிவாயுவை உணரும் கருவிக்குக் காப்புரிமை கோரினார். சூடாக்கிய டின் ஆக்சைடின் மின்தடை எரிவாயு பட்டவுடன் குறைகிறது, அக்குறைவே எச்சரிக்கையாகிறது. இன்று பரவலாக விற்கும் எரிவாயு உணரிகளுள் பெரும்பாலானவை இம்முறையைச் சார்ந்தவையே. சூடு வேண்டுமாதலால் இவற்றினுள் ஒரு மின்சூடேற்றி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். பொத்தான் மின்கலத்தால் இதனைத் தாங்க இயலாது, மின்செருகி இன்றியமையாதது. சூடேற்றியே எரிவாயுவைப் பற்றவைத்துவிடாதா என்னும் ஐயம் எழலாம். உணர்பகுதியை மூடியுள்ள நெருக்கமான கம்பிவலை, சுடர் வெளியே பரவாதவாறு தடுக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1815ஆம் ஆண்டு ஹம்ஃப்ரி டேவி அமைத்த காப்பு விளக்கின் தத்துவமும் இதுவே.

உருளையில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையையொட்டித் தேங்கும். ஆகவே, உணரியைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் பொருத்த வேண்டும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது; அதற்கு உணரி கூரையின் அருகில் இருத்தல் வேண்டும். ஒரே கருவியை இரண்டிற்கும் ஒரே உயரத்தில் மாட்டுவது பயனற்றது.

இனி, விதி எழுதுவதில் ஒரு பேரிடர் மறைந்துள்ளது. திறன்மிகு வீட்டை முதன்முதலாக அமைப்பவர் ஆர்வத்தோடு எழுதும் விதி ஒன்றுண்டு: எரிவாயு கசிந்தால் புகைபோக்கி மின்விசிறியை இயக்குக. கேட்பதற்கு இது அறிவார்ந்த விதியாகவே தோன்றும். ஆனால், மின்சாவி இணையும்போதும் பிரியும்போதும் சிறு பொறி எழக்கூடும்; விசிறியின் மோட்டாரிலும் பொறி எழக்கூடும். எரிவாயு சூழ்ந்த அறையில் அப்பொறி ஒன்றே போதும். கசிவின்போது எந்த மின்சாவியையும் இயக்கவோ அணைக்கவோ கூடாது என்பது வீட்டாருக்குக் கூறப்படும் முதல் அறிவுரை. அவ்வறிவுரை தானியங்கி விதிக்கும் பொருந்தும். உணரி தன்னிடமுள்ள ஒலிப்பானால் உரக்க ஒலிக்கட்டும்; திறன்பேசிக்கும் செய்தி அனுப்பட்டும். சாளரங்களைத் திறப்பதும், உருளையின் ஒழுங்குபடுத்தியை மூடுவதும், வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணை அழைப்பதும் மனிதர் செய்ய வேண்டியவை. இணையமோ மையமோ செயலிழந்த வேளையிலும் தானே ஒலிக்கும் உணரியைத் தவிர வேறெதனையும் அடுக்களைக்குத் தேர்தல் கூடாது.

வீட்டுச் செய்தி யாருடையது?

பாட்டியைப் பற்றிய வினா இன்னும் விடையின்றி உள்ளது. முதியவர் நலமாக இருக்கிறாரா என்று அறியப் பிள்ளைகள் பலர் முதலில் எண்ணுவது ஒளிப்படக் கருவியையே. கூடத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டால் அலுவலகத்திலிருந்தே அவரைக் காணலாம். ஆனால், வினா என்ன? காலை எட்டு மணிக்குள் அவர் எழுந்து நடமாடினாரா என்பதே. அதற்கு விடைகூற அவர் முகமோ, உடையோ, அவர் யாரோடு பேசினார் என்பதோ தேவையில்லை. கூடத்தில் ஒரு நடமாட்ட உணரி, குளியலறைக் கதவில் ஒரு காந்த உணரி ஆகிய இரண்டும் போதும். வழக்கமான நேரத்தில் இரண்டும் அசையவில்லையெனில் மகளுக்கு ஒரு செய்தி செல்லும். அவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். தேவையான விடையைத் தந்து, தேவையற்றதை அறியாதிருக்கும் உணரியே இவ்விடத்திற்கு ஏற்றது. அதனைப் பொருத்துவதற்கு முன் பாட்டியிடம் விளக்கி அவர் இசைவைப் பெறுதலும் வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை வயது முதிர்ந்தவுடன் தேய்ந்துபோவதன்று.

உணரி அறிந்த செய்தி எங்கே செல்கிறது என்பதும் கேட்கத்தக்கது. கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, வீட்டில் எப்போது ஆளில்லை என்னும் குறிப்புகள் சில கருவிகளில் வீட்டு மையத்திற்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வேறு சில கருவிகளில், அவை கடல் கடந்து நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து கட்டளையாகத் திரும்பி வருகின்றன. கதவு திறந்ததும் வாயில் விளக்கு எரிய வேண்டும் என்னும் எளிய விதிக்கும் இத்தனை நெடிய பயணம்! ரிவால்வ் என்னும் இல்லக் கட்டுப்பாட்டு மையத்தை அமெரிக்க மக்கள் ஏறத்தாழ 300 டாலர் கொடுத்து வாங்கினர். அந்நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2016ஆம் ஆண்டு மே மாதம், ரிவால்வ் மையங்களை இயக்கிய கணினிச் சேவை நிறுத்தப்பட்டது. பழுதேதும் இல்லாத கருவிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு செய்தி உலகை எட்டியது. மிராய் என்னும் தீநிரல், இணையத்தோடு இணைந்த வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளையும் திசைவிகளையும் பெருமளவில் கைப்பற்றியிருந்தது. அது கையாண்ட உத்தி எளியது. தொழிற்சாலையில் இடப்பட்டுப் பின்னர் எவராலும் மாற்றப்படாத கடவுச்சொற்கள் சிலவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. கைப்பற்றிய கருவிகளை ஏவி டின் என்னும் இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கவே, புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் செயலிழந்தன. நேரடியாக இணையத்தை அடையும் ஒவ்வொரு கருவியும் வீட்டிற்கு ஒரு வாயிலாகும். ஜிக்பீ உணரிகளுக்கு இணைய முகவரி இல்லை. பத்து உணரிகள் இருப்பினும் காக்க வேண்டிய வாயில் மையம் ஒன்றே. வைஃபை உணரிகள் பத்து இருந்தால் வாயில்களும் பத்து. ஒவ்வொன்றின் கடவுச்சொல்லையும் மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்து வர வேண்டும்.

வாங்கிய உணரிகள் எத்தகையவை என்று அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. விடுமுறை நாள் ஒன்றில் திசைவியை அணைக்காமல், அதற்கு வரும் இணைய இணைப்பை மட்டும் கழற்றிவிட வேண்டும். பின்னர்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். கூடத்தில் குறுக்கே நடந்து பார்க்க வேண்டும். எரிவாயு உணரியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, எந்த ஒலிப்பான் ஒலிக்கிறது, எது வாய்மூடி இருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். அடுத்து வாங்க வேண்டிய கருவி எது என்பதை அத்தாளிலிருந்தே அறியலாம்.